வாய்க்கூடு

உக்காருங்க அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம் குடுக்கும். இந்த மூட்டை மேல உக்காருங்க, கொப்பரைதான், அமுங்காது. வெயில் இந்தக் களத்துக்கு மட்டும் தனியா இறங்குது. தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

நீங்க யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. எங்கப்பா இருக்கையில ரெண்டு தரம் வந்தீங்க. ரெண்டு தரமும் நாந்தான் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பினேன். ரெண்டாவது தரம் நாயைக்கூட அவுத்துவிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. அவருக்கு அப்பப் பக்கவாதம், வாய் ஒரு பக்கமா இழுத்துக் கெடந்தாரு. உள்ள விட்டிருந்தாலும் அவரால பேச முடிஞ்சிருக்காது. இப்ப அவரு போயி நாலு மாசம் ஆச்சு. இனி அவரை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது பாருங்க. அதனாலதான் இன்னைக்கு உள்ள வரச் சொன்னேன்.

நீங்க கேக்கறதும் எனக்குத் தெரியும். உங்கப்பா பேரு மாகாளி, தொண்ணூத்தி மூணுல ஜெயில்ல செத்தாரு. தூக்குப் போட்டுக்கிட்டாருன்னு சர்க்கார் எழுதி வெச்சிருக்குது. அந்த எழுத்தை மாத்தணும், அதுக்கு ஒரு சாட்சி வேணும், விசயம் தெரிஞ்சவங்கள்ள உசுரோட மிஞ்சினது நான் ஒருத்தன். வக்கீல் அப்படித்தானே சொன்னாரு? ரெண்டு வயசுப் புள்ளை காய்ச்சல்ல கெடக்கையில தூக்குல தொங்கிட்டுப் போனவன் பொண்டாட்டின்னு உங்கம்மாவை முப்பத்திரண்டு வருசமா ஊர் பேசுது. அந்த அம்மாளுக்கு இப்பக் கேன்சரு, ஆறு மாசம் தாங்கறதே பெருசுன்னு போன்ல சொன்னீங்க. கேட்டு எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு. நானும் பொண்டாட்டி புள்ளைன்னு இருந்தவன்தான்.

கையெழுத்துப் போடறதா வேண்டாமாங்கறதை அப்புறம் பாத்துக்கலாம். அதுக்கு முன்னாடி எங்கப்பா யாருன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். ஜெயில் வார்டர்னா எல்லாரும் ஒரு மாதிரி நெனைக்கறாங்க. அவரு என்ன வார்டராவா பொறந்தாரு? பண்ணயக்காரனாப் பொறந்தவரு. எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க. ஒளிக்கறதுக்கு இதுல என்ன இருக்குது.

ஏ பழனாத்தா, அந்தக் கோடியில இருக்கற காயையெல்லாம் திருப்பிப் போடு. சித்தெ வாயை மூடிட்டு வேலையைப் பாரு.

எங்கப்பா பேரு சென்னியப்பன். காங்கயத்துக்குத் தெக்க பதினாலு ஏக்கர் காடு, ஒரு கெணறு, கட்டுத்தறி நெறையா மாடு. உழவெல்லாம் அவரும் ஓட்டுவாரு. ஆனா அவரு கைவேலை மாடு பழக்கறது. சுத்துப்பட்டுல எந்தக் காளை நுகத்துக்குப் படியலைன்னாலும் அவருகிட்டத்தான் ஓட்டிட்டு வருவாங்க. பதிமூணு வயசுலயே அந்தப் பேரு. எங்க தாத்தன்தான் கத்துக் குடுத்தது. மாடு தப்புப் பண்ணினா மாட்டுக்கு ஒரு சாட்டை, அப்பாவுக்கு ரெண்டு. முதுகெல்லாம் வரி வரியா இருக்கும். நான் எண்ணெய் தேச்சு விடறப்ப விரல்ல நெரடும். "என்னப்பா இது"ன்னு கேட்டா, "நான் படிச்ச படிப்புடா"ம்பாரு. சிரிச்சுட்டேதான் சொல்வாரு.

மாடு பழக்கறதுன்னா அடிக்கறதுன்னு நெனைச்சுக்காதீங்க. கயிறு. எல்லாம் கயித்துலதான் இருக்குது. கழுத்துல ஒரு சுத்து, நெஞ்சுல ஒரு சுத்து, வயித்துல ஒரு சுத்து, பின்னால நின்னு ஒரே இழு. எப்பேர்ப்பட்ட கொம்பனும் முட்டி மடிஞ்சு படுத்துரும். படுத்ததும் ஒரு ஆள் கழுத்து மேல உக்காந்துக்கணும். ஊசியைக் காய்ச்சி மூக்குத் தண்டுல ஒரு குத்து, அதுல கயிறு. ரத்தம் வரும். வரட்டும். அந்த ரத்தம் காயறதுக்குள்ள அது உங்க பின்னால நடக்க ஆரம்பிச்சுரும்.

ஒரு மயிலைக் காளை வந்துச்சாம். நுகத்தை வெச்சாப் படுத்துக்கும். உதைச்சாங்க, எந்திரிக்கல. கூட்டிட்டு வந்தவன் வாலைக் கடிச்சான், வால் நுனி பிஞ்சு அவன் வாயோட வந்துச்சு, எந்திரிக்கல. வயித்துக்கடியில வைக்கோலைப் போட்டுத் தீ வெச்சுப் பாக்கலாம்னு ஒருத்தன் சொல்றான். எங்கப்பா, "எல்லாரும் தள்ளுங்க"ன்னுட்டுப் போயி, அது தலையைத் தன் மடியில எடுத்து வெச்சுக்கிட்டாரு. காதுக்குள்ள என்னமோ பேசினாரு. அப்புறம் ரெண்டு உள்ளங்கையாலயும் மூக்கோட்டை ரெண்டையும் பொத்திட்டாரு. மாட்டுக்கு மூச்சு மூக்குலதான் அம்மிணி, வாயில விடத் தெரியாது. முழி ரெண்டும் பிதுங்கி வெளிய வருது, எங்கப்பா கையை எடுக்கல. துள்ளி எந்திரிச்சது பாருங்க, அவரைத் தூக்கி வேலி மேல வீசிருச்சு. விலா ரெண்டு ஒடஞ்சு போச்சு. ஆனா அதுக்கப்புறம் அந்த மாடு ஒருக்காலும் படுக்கல. ராத்திரி கட்டுத்தறியில கட்டினாலும் நின்னுட்டே இருக்குமாம்.

"ஒரு சீவனுக்கு மூச்சு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்கணும் சிகாமணி. தெரிஞ்சுட்டா அது நம்மளுது"ம்பாரு. என் பேரு தெய்வசிகாமணி. அவருக்கு சிகாமணி, கொஞ்சம் கோவம் வந்தா சாமி. கோவம் வந்தாத்தான் அவரு சாமின்னு கூப்பிடுவாரு.

இந்த வாய்க்கூடுன்னு ஒண்ணு இருக்குது, பாத்திருப்பீங்க. கதிரடிக்கற மாடு கதிர்ல வாய் வெக்காம இருக்கறதுக்கு மூஞ்சியில மாட்டற சின்னக் கூடை. எங்கப்பா கூடையெல்லாம் தேட மாட்டாரு. தோள்ல கெடக்கற துண்டை எடுப்பாரு, வாயைச் சுத்தி மூணு சுத்து, பிடரியில ஒரு முடிச்சு. கத்தற மாடு கப்புன்னு அடங்கிரும். பொழுது முழுக்கக் கட்டி வெக்கலாம், மூக்கால மூச்சு விட்டுட்டு நிக்கும். ஒண்ணும் ஆகாது. இதை நல்லாக் கேட்டுக்குங்க. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

அப்புறம் பஞ்சம். மூணு வருசம் மழை இல்ல. கெணத்தை எழுபதடி வெட்டினாங்க, தொண்ணூறடி வெட்டினாங்க, வெடி வெச்சாங்க, புகைதான் வந்துச்சு. கெணத்து மோட்டார்ல இருந்த செம்புக் கம்பியை எவனோ உருவிட்டுப் போனது அப்பத்தான். தண்ணியே இல்லாத கெணத்துல கம்பி இருந்தா என்ன, போனா என்னன்னு எங்கம்மா சொன்னாங்களாம். எங்கப்பாவுக்கு அது பொறுக்கல. கம்பி இருந்தாத்தானே நாளைக்குத் தண்ணி வந்தா எறைக்க முடியும். சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டு இருந்தாரு.

மாட்டையெல்லாம் கேரளா லாரிக்கு ஏத்தியாச்சு. இவரு பழக்கின மாடு, இவரு சொன்னா ஏறுது. பதினொரு மாட்டையும் 'வா சாமி, வா சாமி'ன்னு கூப்பிட்டு இவரேதான் ஏத்திவிட்டாரு. லாரி கெளம்பினதும் எங்கம்மா அழுதாங்க. அப்ப நான் வயித்துல. "எதுக்குடி அழுகறே"ன்னு ஒரு அறை. முன்பல்லு ரெண்டு போயிருச்சு. எங்கம்மா கடைசி வரைக்கும் வழுக்கி விழுந்துட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னாங்க. அத்தனை மரியாதை புருசன் மேல. இந்தக் காலத்துல எங்க இருக்குது. என் சம்சாரம் ஒரே ஒரு அறைக்கு மகனைக் கூட்டிட்டுப் பெங்களூர் போனவ, இன்னும் வரல.

அந்த வருசந்தான் ஜெயிலுக்கு ஆளெடுத்தாங்க. எந்த ஜெயில்னு உங்களுக்கே தெரியும், பேரை எதுக்கு வாயால சொல்லிக்கிட்டு. மைதானத்துல ஒசரம் பாத்தாங்க, நெஞ்சு பாத்தாங்க. மேசைக்குப் பின்னால இருந்த அதிகாரி, "உனக்கு என்ன தெரியும்?"னாராம். "மாடு பழக்கத் தெரியுங்க." எல்லாரும் சிரிச்சாங்களாம். அவரு சிரிக்காம, "அது தெரிஞ்சாப் போதும்"னு எழுதிக்கிட்டாராம்.

காக்கி போட்ட புதுசுல அவரால சரியாத் தூங்க முடியலையாம். காட்டுல படுத்துப் பழகினவரு, நாலு செவுத்துக்குள்ள மூச்சு முட்டுதும்பாரு. வெள்ளையா அடிச்ச செவுரு, வெள்ளைச் சட்டைக் கைதி, எதைப் பாத்தாலும் ஒரே மாதிரி. ஒரு ஆடு மாடு கெடையாது. ரெண்டு மாசத்துல ஓடி வந்திருப்பாரு. ஓடாம நிறுத்தி வெச்சது ஒரு சண்டை.

ஆயுள் கைதி ஒருத்தன். சோத்துத் தட்டை ஒடச்சுக் கல்லுல தீட்டி வெச்சிருந்திருக்கறான். சாப்பாட்டு நேரத்துல ஒரு வார்டர் கழுத்தைப் புடிச்சு, தகரத்தைக் கொரவளையில வெச்சுட்டு நிக்கறான். சுத்தி முப்பது பேரு லத்தியோட நிக்கறாங்க, ஒருத்தனும் கிட்டப் போகல. எங்கப்பா கெணத்தடிக்குப் போயி வாளிக் கயித்தை அறுத்துட்டு வந்தாரு. பின்பக்கமா. 'வா சாமி, வா சாமி'ன்னு சொல்லிட்டே போனாராம். கழுத்துல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு, வயித்துல ஒண்ணு, ஒரே இழு. அவன் மூஞ்சி நேரா கருங்கல்லுல விழுந்துச்சு. பல்லெல்லாம் சோளம் செதறின மாதிரி கெடந்துச்சாம். தாடை கடைசி வரைக்கும் கூடலை, கஞ்சி மட்டுந்தான் குடிச்சான். எங்கப்பா அவன் கழுத்து மேலயே உக்காந்திருந்தாரு, மத்தவங்க வந்து எந்திரிக்கச் சொல்ற வரைக்கும். சூப்பிரண்டு அம்பது ரூவா இனாம் குடுத்து, தன் கையால டீ ஊத்திக் குடுத்தாராம்.

அதுக்கப்புறம் எவன் அடங்கலைன்னாலும் "மாட்டுக்காரனைக் கூப்பிடு"ன்னுதான். பண்ணயத்துல போன பேரு அங்க திரும்பக் கெடைச்சுருச்சு. கெட்ட வார்த்தை ஒண்ணு அவரு வாயில வந்ததில்ல அம்மிணி. மத்த வார்டருங்க அம்மா அக்கான்னு பேசுவாங்க. இவரு சாமின்னு கூப்பிட்டுட்டேதான் அடிப்பாரு. எந்தக் கைதியையும் ரெண்டாவது தரம் அடிக்க வேண்டி வந்ததில்ல. அவரு சாவியைக் குலுக்கிட்டு நடந்தா ஒரு பிளாக்கே மூச்சு விடாதுன்னு கூட வேலை பாத்தவங்க சொல்வாங்க. நாங்க வார்டர் லைன்லதான் குடியிருந்தோம், ஜெயில் மதிலை ஒட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டா எங்கம்மா ரேடியோவைச் சத்தமா வெப்பாங்க. நான் சத்தத்தை வெச்சே சொல்லிருவேன், இது அப்பா கை, இது வேற ஆள் கைன்னு. அப்பா கைன்னா சட்டுனு முடிஞ்சுரும்.

சரி, உங்கப்பா கதைக்கு வாரேன். அவசரப்படாதீங்க. இது இல்லாம அது வெளங்காது.

உங்கப்பாவை மோட்டார்க் கம்பி திருடின கேஸ்ல போட்டிருந்தாங்க. வெசாரணைக் கைதிதான், தண்டனை ஆகல. அந்தக் கேஸ்ல வாரவனையெல்லாம் எங்கப்பா ஒரு கேள்வி கேப்பாரு. "எந்தக் கெணறு?" உங்கப்பாவையும் கேட்டாரு. "எனக்குத் தெரியாதுங்கய்யா, நான் பழைய இரும்புக் கடையில எடை போடறவன், எவனோ கொண்டாந்து போட்டதுக்கு என்னையப் புடிச்சுட்டாங்க"ன்னாராம். எல்லாவனும் அப்படித்தானே சொல்லுவான். அவரு நெசத்தைத்தான் சொன்னாருன்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம். எங்கப்பாவுக்கு அது எப்படித் தெரியும்.

ஐப்பசி மாசம். உங்களுக்குக் காய்ச்சல், ஆசுபத்திரியில சேத்திருக்குதுன்னு உங்கம்மா போட்ட கடுதாசி வந்துச்சு. அன்னைக்குப் புடிச்சு உங்கப்பா கத்த ஆரம்பிச்சாரு. "என் புள்ளையப் பாக்கணும், ஒரு நாள் விடுங்கய்யா." உங்க பேரைச் சொல்லித்தான். கோதை, கோதைன்னு. முழுப்பேரு பூங்கோதையா? நல்ல பேரு. ரெண்டு ராத்திரி, ரெண்டு பகல். கம்பியில தலையை மோதறது, கத்தறது. பிளாக்குல ஒருத்தனும் தூங்கல.

மூணாவது நாள் மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி பார்வையிட வாராரு. பத்து நாளா வெள்ளையடிச்சு, செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தி, கைதிக்குப் புதுத் துணி குடுத்து எல்லாம் தயார். பதினோரு மணிக்குக் கார் வந்துரும். உங்கப்பா சத்தம் மட்டும் அடங்கலை. ஜெயிலர் எங்கப்பாவைக் கூப்பிட்டு, "சென்னியப்பா, அரை மணி நேரந்தான் இருக்குது. அவர் உள்ள நடக்கறப்பச் சத்தம் வந்தா நாளைக்கு நீயும் நானும் வீட்டுல"ன்னாராம்.

எங்கப்பா முதல்ல நல்லவிதமாத்தான் சொன்னாரு. "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க சாமி, நானே உனக்குத் தந்திக்கு ஏற்பாடு பண்றேன்." கம்பி வழியா கையை நீட்டித் தோளைத் தட்டினாரு. உங்கப்பா அந்தக் கையைப் புடிச்சுக் கட்டை விரலைக் கடிச்சுட்டாரு. எலும்பு தெரிஞ்சுது. சும்மா சொல்லல, எனக்குத் தெரியும், நாந்தான் தெனம் அதைக் கழுவி மருந்து போட்டேன். நகம் மறுபடியும் மொளைக்கவே இல்ல.

அப்புறம் என்ன செய்வாரு? கதவைத் தெறந்து உள்ள போயி லத்தியால மூஞ்சியில ஒண்ணு. ஒண்ணேதான். மூக்கு ஒடஞ்சு ஒரு பக்கமாச் சாஞ்சுருச்சு. ரத்தம் நெஞ்சு வரைக்கும். அப்பவும் உங்கப்பா கத்தறதை நிறுத்தல, ரத்தத்தைத் துப்பிட்டு, கோதை, கோதைன்னு. வெளிய விசில் அடிச்சாச்சு, கார் கேட்டுக்கு வந்துருச்சு. எங்கப்பா கயித்தைப் போட்டுச் சாய்ச்சாரு. கையைப் பின்னால கட்டினாரு, காலையும் கட்டினாரு, தோள்ல கெடந்த துண்டை எடுத்து வாயைச் சுத்தி மூணு சுத்து, பிடரியில முடிச்சு. கதவைப் பூட்டிட்டுப் போயி வரிசையில நின்னுக்கிட்டாரு.

பெரிய அதிகாரி ஒண்ணரை மணி நேரம் இருந்தாரு. உங்கப்பா இருந்த அறைக்கு முன்னாலகூட நின்னாராம், கம்பிக்கு வெளிப்புறம் இருக்கற பலகைக் கதவு சாத்தியிருந்துச்சு. "இந்த பிளாக் ரொம்ப அமைதியா இருக்குதே"ன்னு ஜெயிலரைப் பாராட்டினாராம். அப்புறம் முந்திரி, கேக்கு, டீ.

கார் வெளிய போனதும் எங்கப்பா ஓடினாரு தெரியுங்களா. நடக்கல, ஓடினாரு. கையில ரத்தம் சொட்டுது, சாவியைப் புடிச்சுட்டு ஓடினாரு. கொலைகாரனா இருந்தா ஓடுவானா? சொல்லுங்க. கதவைத் தெறந்தா உங்கப்பா குப்புறக் கெடக்கறாரு. திருப்பினா மூஞ்சி நாவப்பழமாட்டம் இருந்துச்சாம். துண்டை அவுத்து நெஞ்சை அமுக்கினாரு, குத்தினாரு. குளுந்து போச்சு.

இல்ல, நிறுத்தட்டுமா? சொல்லுங்க, நிறுத்திக்கறேன். வேண்டாமா. தண்ணியாவது குடிங்க.

ஜெயிலர் வந்து பாத்தாரு. கதவைச் சாத்திட்டு, "துண்டு யாருது?"ன்னு கேட்டாரு. "என்துங்க." "அதுலயே மேல கட்டு." ஜன்னல் கம்பியில கட்டினாங்க. தூக்கிக் கட்டினது எங்கப்பாதான், ஒளிக்க என்ன இருக்குது. கெணத்துல விழுந்த மாட்டையே தூக்கின கை, வேற யாருக்கு அப்படித் தூக்க வரும். மூக்கு எப்படி ஒடஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கல. தலையைக் கம்பியில மோதிக்கிட்டாருன்னு எழுதிட்டாங்க. எழுதினது ஜெயிலர், டாக்டரு, இன்னும் மேல இருக்கறவங்க. எங்கப்பா ஒரு பொய்யும் சொல்லல. அவரை யாரும் கேக்கல, அவரும் சொல்லல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து தண்ணித் தொட்டிகிட்டயே உக்காந்துட்டாரு. சோறு வேண்டாம்னுட்டாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. என்னை மட்டும் பக்கத்துல உக்கார வெச்சு, இப்ப நான் உங்களுக்குச் சொன்னேனே, இதே மாதிரி ஒண்ணு விடாமச் சொன்னாரு. "மூக்கு ஒடஞ்சிருந்துச்சு சிகாமணி. மூக்கு ஒடஞ்சிருந்துச்சு." இதையே எத்தனை தரம் சொன்னாருன்னு கணக்கில்ல. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அதைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. துண்டு போடறதையும் விட்டுட்டாரு. வேற யாராவதா இருந்தா மனசு ஒடஞ்சு வேலையை விட்டிருப்பாங்க. அவரு விடல. அதுக்கப்புறமும் பதினேழு வருசம் பாத்துட்டு, தலைமை வார்டரா பென்சன்ல வந்தாரு. திரும்ப வந்து இதே காட்டுல தென்னை வெச்சாரு. இந்தக் களம் அவரு போட்டதுதான்.

இல்லைங்க அம்மிணி, அந்த வார்த்தை தப்பு. கொன்னாருங்கற வார்த்தையை நான் ஒத்துக்க மாட்டேன். தெரிஞ்சு செஞ்சாத்தானே அதுக்குப் பேரு கொலை. மாட்டோட வளந்த மனுசன், மாட்டுக்குச் செய்யறதைச் செஞ்சாரு. வாயைக் கட்டினா மூக்கால மூச்சு விடும்னு கட்டினாரு. மூக்கு போயிருந்தது அந்த அவசரத்துல தோணல. மனுசனுக்கு அப்படி ஆகும்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தரமாவது பாத்திருந்தாத்தானே தெரியும். நீங்க எழுதிட்டு வந்திருக்கற இந்தக் காயிதத்துல நான் கையெழுத்துப் போட்டா, எங்கப்பா பேரு என்ன ஆகும்? நாலு மாசந்தான் ஆச்சு, எரிச்ச சாம்பல் சூடு இன்னும் என் கையில இருக்குது. என்னால முடியாது. உங்கம்மாவுக்கு வேற என்ன ஒத்தாசை வேணும்னாலும் கேளுங்க, செய்யறேன். இது முடியாது.

அவரு அப்படி உசுரை எடுக்கற ஆளா இருந்தா நான் உக்காந்து உங்ககிட்டப் பேசிட்டு இருப்பனா? என்னையே கட்டியிருக்காரு. ஆமாங்க, இதே மாதிரித்தான். நைட் டூட்டி முடிச்சு வந்து பகல்ல படுத்திருந்தாரு. எனக்குச் சளிக் காய்ச்சல், மூக்கு ரெண்டும் அடைச்சுக் கெடக்குது, அழுதுட்டே இருந்தேன். மூணு தரம் "சும்மா இரு சாமி"ன்னாரு. நாலாவது தரம் எந்திரிச்சு வந்தாரு. கட்டில் காலோட கையைப் பின்னால கட்டினாரு. வாய்க்குத் துண்டு, மூணு சுத்து. போயிப் படுத்துக்கிட்டாரு. எனக்கு நெஞ்சுக்குள்ள யாரோ கல்லை அடுக்கற மாதிரி இருந்துச்சு. காலால தரையை உதைச்சேன், ஒரு சொம்பு உருண்டு போச்சு. அப்புறம் இருட்டு.

முழிச்சுப் பாத்தா அவரு மடியில கெடக்கறேன். என் மூக்குல வாயை வெச்சுச் சளியை உறிஞ்சி உறிஞ்சித் துப்பறாரு. பொறந்த கன்னு மூச்சு விடலைன்னா அப்படித்தான் செய்வாரு. "விடு சாமி, மூக்குல விடு சாமி"ன்னு அழுகறாரு. அவரு அழுது நான் பாத்தது அந்த ஒரு தரந்தான். மூக்கு அடைச்சிருந்ததைப் பாக்காமக் கட்டிட்டேனேன்னு எங்கம்மா முன்னால தலையில அடிச்சுக்கிட்டாரு. எந்த அப்பன் அப்படிச் செய்வான்? பெத்த புள்ளை சளியை வாயில உறிஞ்சின மனுசன் அம்மிணி அவரு. அவரைப் போயி...

என்ன கேட்டீங்க? எந்த வருசமா?

நாலாவது படிச்சேன். அப்ப எண்பத்தி ஏழு. ஆடி மாசம், எண்பத்தி ஏழு.

ஆமா. தொண்ணூத்தி மூணுக்கு முந்தித்தான்.

ஏ பழனாத்தா. அந்தக் காயை. இல்ல, ஒண்ணுமில்ல. நீ பாரு.

ஆறு வருசம் அம்மிணி. ஆறு வருசத்துல மனுசன் எத்தனையோ மறந்து போயிருவான். வேலை, குடும்பம், ஆயிரம் இருக்குது. அவருக்கு மறந்திருக்கும்.

நானா? நான் எப்படி மறப்பேன். நான் கட்டிக் கெடந்தவன்.

வெயில் கண்ணைக் குத்துது. சித்தெ இருங்க.

சரி. எழுதுங்க. மாகாளி தூக்குப் போட்டுக்கலைன்னு எழுதுங்க. கை கால் கட்டியிருந்துச்சு, வாய் கட்டியிருந்துச்சு, மூக்கு ஒடஞ்சிருந்துச்சு. எந்நேரமும் மகள் பேரைச் சொல்லிட்டு இருந்தாருன்னு எழுதுங்க, அதை உங்கம்மாளுக்கு இன்னைக்கே போயிப் படிச்சுக் காட்டுங்க. கட்டினது சென்னியப்பன். அதையும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா நான் மயக்கம் போட்டுக் கெடந்தது மட்டும் வேண்டாம். அது எங்க வீட்டு விசயம். அதை எந்தக் கோர்ட்டும் பாக்க வேண்டியதில்ல.

எழுதிட்டீங்களா?

நான் சொல்லச் சொல்லவே எழுதிட்டீங்களா. இங்க குடுங்க, பாக்கறேன். கையெழுத்து நல்லா இருக்குது உங்களுது. சாமின்னு சொன்னதைக்கூட எழுதியிருக்கீங்க. சொம்பு உருண்டதைக்கூட.

என்னது, வேண்டாம்னா அடிச்சுப் போடறீங்களா? அத்தனை தூரம் பஸ்ஸேறி வந்துட்டு, நான் சொன்னேன்னு அந்த வரியை அடிச்சுப் போடறேங்கறீங்க.

அடிக்காதீங்க. இருக்கட்டும் அம்மிணி. அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க. எந்த எடத்துல போடணும்?